கிரீன் கார்டா, கனடாவா, ஜெர்மனியா, லண்டனா: எந்த வரிசையில் நிற்பது?

என் சித்தி மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். மாதா மாதம் நடுவாக்கில் அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வரும். எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு இப்போது கிரீன் கார்டு என்று அமெரிக்க வெளியுறவுத் துறை போடும் விசா புல்லட்டினில் இந்தியாவுக்கான கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருப்பான். கூடவே ஒரு வரி: ‘நகரவே இல்லைண்ணா.’ அபூர்வமாக, ‘ரெண்டு வாரம் நகர்ந்திருக்கு.’ அவனுடைய பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் அவன் இடம் பிடித்த தேதி, 2016 அக்டோபர். இப்போது வயது 38. மூத்த பெண்ணுக்கு 11. போன தடவை பேசும்போது நேராகவே கேட்டுவிட்டான்: ‘கனடாவுக்குப் போட்டுடலாமா?’

அதே வாரம் நண்பர் ஒருவரின் தங்கையும் கேட்டாள். சோழிங்கநல்லூரில் வேலை, 29 வயது, கல்யாணம் ஆகவில்லை, ஏழு வருட அனுபவம். அவளுக்கு எதுவும் தொடங்கவே இல்லை. எந்த நாட்டுக்கு முயற்சி செய்வது என்பதுதான் கேள்வி.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் யோசிக்கும் முறை ஒன்றுதான் என்பதால், மென்பொருள், பொறியியல் வேலைகளில் இருக்கும் நம் ஆட்களை மனதில் வைத்து நான்கு நாடுகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

வரிசை எவ்வளவு நீளம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் கேள்வி, வரிசையில் நிற்கும் காலத்தில் உங்களால் என்னென்ன செய்ய முடியாது என்பது. வேலை மாற முடியுமா, மனைவியோ கணவரோ சம்பாதிக்க முடியுமா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் அன்றைக்கே விமானம் ஏற முடியுமா? பத்து வருடக் காத்திருப்பானாலும் இதெல்லாம் முடியுமென்றால் அது ஒரு வாழ்க்கை. முடியாதென்றால் இரண்டு வருடம்கூடச் சிறைதான்.

இரண்டாவது, நடுவில் விதி மாறினால் ஏற்கனவே நிற்பவர்களை விட்டுவைப்பார்களா? இதற்கு அந்தந்த நாட்டின் பழைய நடத்தையைப் பார்க்க வேண்டும். மந்திரிகளின் பேட்டியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

அதற்கு அப்புறம்தான் காலமும் பணமும்.

இன்னொன்றும் உண்டு. நான்கு நாடுகளும் ஒவ்வொரு விதத்தில் அநியாயம் செய்கின்றன. அமெரிக்கா பிறந்த ஊரைப் பார்க்கிறது. கனடா வயதைப் பார்க்கிறது. ஜெர்மனியில் நீங்கள் குடியிருக்கும் நகரம் உங்கள் தலையெழுத்தை எழுதுகிறது. பிரிட்டன் ஓடும்போதே எல்லைக்கோட்டைத் தள்ளி வைக்கிறது. இந்த நான்கில் எது உங்கள் மேல் குறைவாக விழும் என்று பார்ப்பதுதான் உண்மையான ஒப்பீடு.

| | அமெரிக்கா | கனடா | ஜெர்மனி | பிரிட்டன் |
|---|---|---|---|---|
| எதை வைத்து முந்துகிறார்கள் | மனு போட்ட தேதி, பிறந்த நாடு | மதிப்பெண் | சம்பள வரம்பு, பட்டம் | ஸ்பான்சர், சம்பள வரம்பு |
| நிரந்தர உரிமைக்கு | இந்தியாவில் பிறந்தவருக்குப் பத்தாண்டுக்கு மேல் | அழைப்பு வந்தபின் 6 மாதம் என்பது இலக்கு | 21 அல்லது 27 மாதம் | இதுவரை 5 ஆண்டு, 10 ஆக்கத் திட்டம் |
| காத்திருக்கும்போது வேலை மாற்றம் | முடியும், ஆனால் பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) முதலிலிருந்து | காத்திருப்பது சொந்த ஊரிலிருந்தே | எளிது | புது ஸ்பான்சர், புது மனு |
| துணைவர் வேலை | ஐ-140 (கம்பெனி போடும் குடியேற்ற மனு) கிடைத்த பிறகு | தடையில்லை | முதல் நாளிலிருந்தே | தடையில்லை |
| மறைவான பெரிய செலவு | பிள்ளைக்கு 21 ஆவது | வயதால் போகும் மதிப்பெண் | மொழி, அலுவலகத் தாமதம் | மருத்துவக் கூடுதல் கட்டணம் |

## அமெரிக்கா

1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அடிப்படையில் வருடத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் 7, மால்டாவுக்கும் 7. ஈபி-2 (முதுகலை அல்லது அதற்கு ஈடான தகுதி கேட்கும் வேலைகள்) பிரிவுக்கு மொத்தத்தில் 28.6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 40,000. அதில் 7 சதவீதம் என்றால் 2,800. மனைவி, பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான். நாலு பேர் குடும்பம் நாலு கார்டைச் சாப்பிடும். அப்படியானால் ஆண்டுக்கு 700 குடும்பம். மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் விட்டது சில வருடம் நமக்கு வரும், அது தனிக்கணக்கு.

2025 நடுவில் இந்திய ஈபி-2 தேதி 2013 ஜனவரி 1. என் தம்பி 2016. ‘மூணே முக்கால் வருஷம்தானே’ என்று சித்தி கேட்டாள். அங்கேதான் ஏமாற்றம். 2022 டிசம்பரில் அந்தத் தேதி 2011 அக்டோபர் 8. இரண்டரை வருடத்தில் பதினைந்து மாதம்தான் நகர்ந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால் தம்பிக்கு இன்னும் ஏழரை வருடம். பெண்ணுக்கு அப்போது பதினெட்டரை. 21 தாண்டிவிட்டால் அப்பாவின் மனுவிலிருந்து பிள்ளையின் பெயர் விழுந்துவிடும், எனவே தப்பித்தோம் என்று சொல்லலாம். ஆனால் இந்த வண்டி பின்னாலும் போகும். 2022 ஆகஸ்டில் 2014 டிசம்பர் 1 என்று இருந்த தேதிதான் நாலே மாதத்தில் 2011 அக்டோபருக்குப் போனது. அப்போது மெடிக்கல் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

புதிதாக இன்று வரிசையில் சேருபவருக்கு? வாஷிங்டனில் உள்ள கேட்டோ ஆய்வு நிறுவனத்தின் டேவிட் பியர் 2023இல் போட்ட கணக்கில், புது இந்திய மனுதாரருக்கு 134 வருடம். யாரும் 134 வருடம் நிற்கப்போவதில்லை, பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம்.

இதில் நம்மவர்களுக்கே ஒரு விசித்திரம் உண்டு. கணக்கில் எடுப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. ஒரே கம்பெனி, ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருவர் பிறந்தது யாழ்ப்பாணம், இன்னொருவர் தஞ்சாவூர். யாழ்ப்பாணத்தவர் ‘மற்ற நாடுகள்’ என்ற கட்டத்தில் வருவார். 2025 நடுவில் அந்த ஈபி-2 கட்டம் 2023இன் பிற்பகுதியில் நின்றது. அவருக்கு இரண்டு வருடம், தஞ்சாவூர்க்காரருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். பினாங்கில் பிறந்த தமிழருக்கும் அப்படியே.

அதனால் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ‘உன் மனைவி எங்கே பிறந்தாள்?’ கணவன், மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டை வேண்டுமானாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். வளைகுடாவில் அப்பா வேலை பார்த்து, மஸ்கட்டிலோ குவைத்திலோ பிறந்த பெண்கள் நம்மிடையே ஏராளம். என் நண்பர் ஒருவர் இதைத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று வருடம் வீணாக நின்றிருந்தார். அவர் மனைவி பிறந்தது மஸ்கட். வக்கீலும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தம்பி மனைவி பிறந்தது சேலம். போகட்டும்.

7 சதவீத வரம்பை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் ஒரு பொருள் இருக்கிறது: அதை எடுத்துவிட்டால் சில வருடங்களுக்கு எல்லாக் கார்டும் இந்தியருக்கே போய், பிலிப்பைன்ஸ் நர்ஸ் முதல் நைஜீரிய ஆராய்ச்சியாளர் வரை எல்லோரும் நம்மைப்போல நிற்க வேண்டியிருக்கும். வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365க்கு 65 என்று தேறியது. 2020 டிசம்பரில் மேலவை வேறொரு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை, செத்துப்போனது. இனி ஒரு மசோதா வரும் என்ற நம்பிக்கையில் குடும்ப முடிவை எடுக்காதீர்கள்.

சரி, நிற்கும்போது வாழ்க்கை எப்படி? சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், காகிதத்தில் மோசமில்லை. ஐ-140 கையில் இருந்தால் ஆறு வருட வரம்பைத் தாண்டியும் எச்-1பி வேலை விசாவை மூன்று மூன்று வருடமாக நீட்டலாம். 2015இலிருந்து அந்த நிலையில் உள்ளவர்களின் துணைவருக்கு வேலை அனுமதி உண்டு. ஐ-140 கிடைத்து 180 நாள் ஆகிவிட்டால் கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் தேதி உங்களுடையது. ஆனால் வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, கார் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பதவி உயர்வு வந்தால்கூட ‘வேலை விவரம் மாறுகிறதே, பெர்ம் திரும்பப் போடணுமா’ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெர்ம் மட்டுமே இப்போது ஓராண்டுக்கு மேல் இழுக்கிறது.

ஊருக்கு வந்து போவதுதான் இன்றைக்குப் பெரிய பயம். 2025 செப்டம்பரில் நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்கும் டிராப்பாக்ஸ் வசதியை அநேகமாக மூடினார்கள். டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்க்க ஆரம்பித்ததும் இந்தியாவில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. மூன்று வாரம் என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து ராத்திரி ஷிப்ட் பார்த்தார்கள். இதோடு 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று ஒரு பிரகடனம். ஓராண்டுக்கு என்று போட்டது. எந்தக் கம்பெனி கட்டும்? ஆக அமெரிக்காவை விட்டு விலகுவது, முன்பு போல ‘போய்ப் பார்த்துவிட்டு வரலாம்’ என்கிற விஷயமாக இல்லை.

மறைவான செலவு இன்னொன்று. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிக்கிறார்கள். பத்து வருடம் கட்டி முடிக்காமல் ஊர் திரும்பினால் ஓய்வூதியம் ஏதும் இல்லை. கனடாவோடும் ஜெர்மனியோடும் நமக்கு அந்த ஒப்பந்தம் இருக்கிறது.

யாருக்குச் சரி: 2015க்கு முந்தைய தேதி உள்ளவர்கள், துணைவர் இந்தியாவுக்கு வெளியே பிறந்தவர்கள், ஈபி-1க்கு (அசாதாரணத் திறமையாளர், பன்னாட்டுக் கம்பெனி மேலாளர் போன்றோருக்கான பிரிவு) வழியுள்ளவர்கள். இந்திய ஈபி-1 தேதி 2025 நடுவில் 2022 பிப்ரவரி 15. மூன்று வருட நிலுவை என்பது ஈபி-2வைப் பார்த்தவர்களுக்குச் சொர்க்கம்.

## கனடா

கனடா வரிசையின் பெரிய சௌகரியம், அதில் வீட்டிலிருந்தே நிற்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு சென்னையிலோ நியூ ஜெர்சியிலோ உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கிடைத்தால் நேராக பிஆர், அதாவது நிரந்தர உரிமை. முதலாளி யாரும் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் இது வரிசையே இல்லை, ஏலம். முதலில் வந்தவருக்கு எந்த மரியாதையும் கிடையாது. மதிப்பெண் அதிகம் உள்ளவரை எடுப்பார்கள். தம்பியின் கணக்கைப் போட்டோம். கல்யாணமானவருக்கு 38 வயதுக்கு 55 மதிப்பெண். முதுகலைக்கு 126. ஐஎல்டிஎஸ்ஸில் சிஎல்பி (கனடாவின் மொழி அளவுகோல்) 9 வாங்கினால் 116. மனைவியின் படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் 28. படிப்பும் அனுபவமும் ஆங்கிலத்தோடு சேர்ந்து 100. மொத்தம் 425. 2025இல் கனடாவிலேயே வேலை பார்த்த அனுபவமுள்ளவர்களுக்கு நடந்த அழைப்புச் சுற்றுகள் 500க்கு மேல் நின்றன. ‘அப்போ அவ்வளவுதானா’ என்றான். இதே மனு 29 வயதில் 470. முப்பதுக்கு அப்புறம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து மதிப்பெண் போகும். நாற்பது தாண்டினால் பத்து. அமெரிக்காவில் காத்திருந்த வருடங்கள் கனடாவில் வட்டியோடு கழிகின்றன. இரண்டு நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும், தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது.

விதி நடுவில் மாறுவதிலும் கனடா சளைத்ததல்ல. 2025 மார்ச் 25இல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்த 50, 200 மதிப்பெண்களை ஒரே நாளில் எடுத்தார்கள். போலிக் கடிதம் விற்ற ஆட்களுக்குப் போட்ட அடி, நேர்மையாக வாங்கியவர்கள் மேலும் விழுந்தது. அதற்கு முந்தைய மாதம், தனிச் சுற்றுக்கான அறிவியல், தொழில்நுட்ப வேலைப் பட்டியலிலிருந்து பெரும்பாலான மென்பொருள் வேலைகள் காணாமல் போயின. இதற்கெல்லாம் பாட்டன் 2012இல் நடந்தது: 2008 பிப்ரவரி 27க்கு முன்பு போட்ட திறன் தொழிலாளர் மனுக்கள், ஏறக்குறைய 2,80,000 பேர் சம்பந்தப்பட்டவை, சட்டம் போட்டு ரத்து செய்யப்பட்டன. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காத்திருந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள்.

அழைப்பு வந்தபின் ஆறு மாதத்தில் முடிப்பது இலக்கு. செலவு, 2025இல் முதன்மை மனுதாரருக்கு 1,525 கனடா டாலர். அது சின்னத் தொகை. நாலு பேர் குடும்பத்துக்கு வங்கியில் 28,000 கனடா டாலருக்கு மேல் காட்ட வேண்டும், அதுவும் ஆறு மாத சராசரி பார்ப்பார்கள். அப்பாவிடம் கடைசி வாரத்தில் கடன் வாங்கிப் போட்டால் அகப்பட்டுக்கொள்வீர்கள். இதைவிடப் பெரிய செலவு போய் இறங்கியபின் வேலை தேடும் மாதங்கள். ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் இருந்தால் அந்த மாதங்கள் தாங்கும். டொரொன்டோ வாடகையில் தனியாக என்றால் சேமிப்பு கரையும் வேகம் பயமுறுத்தும். குடியேறுவோர் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டார்கள், 5 லட்சத்தை நோக்கிப் போன இலக்கு 2025இல் 3,95,000, அடுத்த மூன்றாண்டும் 3,80,000 என்று நிற்கிறது.

எச்-1பி ஆட்களுக்கு 2023 ஜூலையில் ஒரு வாசல் திறந்தார்கள். 10,000 இடம், இரண்டு நாளுக்குள் நிரம்பிவிட்டது. 2025 நவம்பர் பட்ஜெட்டிலும் அவர்களுக்கு ஒரு விரைவு வழி என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பை நம்பி வீட்டை விற்க வேண்டாம், ஐஎல்டிஎஸ் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உண்மையான குறுக்கு வழி பிரெஞ்சு. 2025 மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்று 379இல் முடிந்தது. சோழிங்கநல்லூர்ப் பெண்ணுக்கு இளநிலைப் பட்டம், சிஎல்பி 10 ஆங்கிலம், ஏழு வருட அனுபவம் என்று போட்டால் 441. பொதுச் சுற்றுக்குப் போதாது. பிரெஞ்சில் நாலு பிரிவிலும் ஏழாம் நிலை வாங்கினால் 503, அதோடு தனிச் சுற்றிலும் நுழையலாம். அதற்கு ஒன்றரை வருடம் மனசு வைத்துப் படிக்க வேண்டும். மாநில நியமனம் கிடைத்தால் 600 மதிப்பெண், அது கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

யாருக்குச் சரி: 32 வயதுக்குள் இருப்பவர், இரண்டாவது மொழிக்கு நேரம் உள்ளவர், முதலாளியின் கையில் இருக்கப் பிடிக்காதவர்.

## ஜெர்மனி

ஜெர்மனியில் எண்ணிக்கை வரம்பும் கிடையாது, குலுக்கலும் கிடையாது, புள்ளியும் கிடையாது. பட்டம், வேலை, சம்பளம் மூன்றும் இருந்தால் ப்ளூ கார்டு என்ற வேலை, குடியிருப்பு அனுமதி. 2025க்கான சம்பள வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஐடி உள்ளிட்ட பற்றாக்குறை வேலைகளுக்கும் புதுப் பட்டதாரிகளுக்கும் 43,759.80. ஐடியில் பட்டமே இல்லாமல், மூன்று வருட அனுபவத்தை வைத்தும் வாங்கலாம். துணைவர் வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம், அவருக்கு முன்கூட்டி மொழித் தேர்வு கிடையாது. 27 மாதத்தில் நிரந்தர உரிமை, பி1 (நடுநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில். ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம். 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் தொழிலாளர் விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக அந்த அரசே அறிவித்தது.

பின் ஏன் எல்லோரும் அங்கே போகவில்லை? முதலில் வேலை கிடைக்க வேண்டும், ஜெர்மன் தெரியாதவருக்குக் கதவுகள் குறைவு. அப்புறம், சட்டம் வேகமாக இருக்கிறது, அலுவலகம் மெதுவாக இருக்கிறது.

விசா வாங்கிப் போய் இறங்கியபின் உங்கள் கார்டைத் தருவது நகரத்து வெளிநாட்டவர் அலுவலகம். ஒரு சிற்றூரில் மூன்று வாரத்தில் முடியும் வேலை பெர்லினில் பல மாதம். ஸ்டுட்கார்ட் அலுவலக வாசலில் ஆட்கள் இரவிலேயே வந்து நின்ற செய்திகளெல்லாம் வந்தன. சந்திப்பு நேரத்துக்கு ‘டெர்மீன்’ என்பார்கள். போன பத்தாவது நாளில் இந்தச் சொல் நம் ஆட்கள் தமிழிலும் புகுந்துவிடும்: ‘டெர்மீன் கிடைச்சுதா?’ எனக்குத் தெரிந்த ஒருவர் காலை ஏழு மணிக்கு காபியை ஆற வைத்துவிட்டு அந்த இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பார். ஏழு மூன்றுக்கு இரண்டு நேரம் காட்டும், ஏழு நாலுக்கு இருக்காது. இப்படி நாற்பது நாள். அதற்குள் விசா காலாவதியாகிவிட்டால் இடைக்காலத் தாள் ஒன்று தருவார்கள். அது நாட்டுக்குள் செல்லும், ஆனால் எந்த வகைத் தாள் என்று பார்க்காமல் சென்னைக்கு டிக்கெட் போடக் கூடாது, திரும்ப நுழைய முடியாமல் போகலாம்.

ஆனால் ஜெர்மனியில் தாமதத்துக்கு மருந்து உண்டு. மனு போட்டு மூன்று மாதம் பதிலே இல்லையென்றால் நிர்வாக நீதிமன்றத்தில் ‘செயலின்மை வழக்கு’ போடலாம். பல சமயம் வக்கீல் கடிதம் போனதுமே கோப்பு நகர்கிறது. அமெரிக்க ஈபி-2 வரிசையில் யார் மேல் வழக்குப் போடுவது? அங்கே தாமதம் அதிகாரியின் சோம்பல் இல்லை, சட்டத்தின் எண்ணிக்கை. இங்கே சட்டம் உங்கள் பக்கம், சோம்பல்தான் எதிரி. நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

வேலை மாற்றம் எளிது. முதல் 12 மாதத்தில் மட்டும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கையில் வரும் சம்பளம் அமெரிக்காவைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் ஜெர்மன் பள்ளியில் முதல் வருடம் அந்தக் குழந்தைக்குக் கடினம், இதைப் பெற்றோர் பாதிப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

யாருக்குச் சரி: பிள்ளைகள் சின்னவர்களாக உள்ளவர், இயந்திரவியல், மின்னணு, எம்பெடட் பக்கம் அனுபவமுள்ளவர், வயது கூடியதால் கனடாவில் மதிப்பெண் போனவர்.

## பிரிட்டன்

மனுவை முடிப்பதில் நான்கில் இதுதான் வேகம். வெளிநாட்டிலிருந்து போட்டால் மூன்று வாரம், கூடப் பணம் கட்டினால் ஐந்து வேலைநாள். பிரச்சினை வாசலில் இல்லை, கடைசி அறையில்.

2024 ஏப்ரல் வரை 26,200 பவுண்டாக இருந்த பொதுச் சம்பள வரம்பு அன்று 38,700 ஆனது, 2025 ஜூலை 22இல் 41,700. நிரந்தர உரிமைக்கு ஐந்து ஆண்டு என்று நம்பிப் போனவர்கள் மேல் 2025 மே வெள்ளை அறிக்கை பத்து ஆண்டு என்ற இடியை இறக்கியது. நவம்பரில் வந்த வரைவு, ஏற்கனவே அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றது. 50,270 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு ஐந்து ஆண்டு கழிவு உண்டு என்றும் சொன்னது.

இது முதல் தடவை இல்லை. 2002இல் தொடங்கிய உயர்திறன் குடியேறுவோர் திட்டத்தில் போனவர்களுக்கு 2006இல் நிரந்தர உரிமைக் காலத்தை நான்கிலிருந்து ஐந்தாக்கினார்கள், நவம்பரில் புள்ளி முறையையும் மாற்றினார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டு 2008லும் 2009லும் வென்றார்கள். நீதிமன்றம் காப்பாற்றும் நாடு என்பது ஆறுதல். ஆனால் அந்த இரண்டு மூன்று வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

மருத்துவக் கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. நாலு பேர், ஐந்து ஆண்டு என்றால் 18,110 பவுண்டு. நிரந்தர உரிமை மனுவுக்கு 2025இல் தலைக்கு 3,029 தனி. கம்பெனி கட்டுமா என்று வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, ஸ்பான்சர் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

யாருக்குச் சரி: கம்பெனிக்குள் மாற்றலாகிப் போய் இரண்டு மூன்று வருடம் சம்பாதித்துத் திரும்ப நினைப்பவர், சம்பளம் 50,270ஐத் தாண்டியவர். குடியேறுவதே குறிக்கோள் என்றால் இப்போது நான் சொல்ல மாட்டேன்.

## எந்த நாடானாலும் காகிதம் படுத்தும் பாடு

தாமதத்தில் ஒரு பங்கு நம் பக்கத்தில்தான். நம் பெயர்களில் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (‘முதல் பெயர் தெரியவில்லை’) என்று அச்சாகி, வங்கி முதல் ஓட்டுநர் உரிமம் வரை துரத்தும். இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டை முதலில் சரிசெய்யுங்கள்.

எண்பதுகளில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் பல சமயம் குழந்தையின் பெயர் இருக்காது, ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். நகராட்சியில் பெயர் சேர்ப்பது ஒரு வேலை, முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அனுபவக் கடிதத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று வரிவரியாக வேண்டும். ‘இவர் எங்களிடம் பணிபுரிந்தார்’ என்ற இரண்டு வரிக் கடிதம் கனடாவில் செல்லாது. பழைய கம்பெனி மூடப்படும் முன், பழைய மேலாளர் நட்பாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

## இரண்டு பேருக்கும் நான் சொன்னது

தம்பிக்கு: வேலையை விடாதே, வரிசையையும் விடாதே. நீ எங்கே போனாலும் அந்த 2016 தேதி உன்னுடையது, பத்து வருடம் கழித்து வேறொரு கம்பெனி மனு போட்டாலும் அதே தேதியைக் கேட்கலாம். ஐ-140 ஒப்புதல் தாளின் நகலை வக்கீலிடமிருந்து இப்போதே வாங்கிக்கொள். கம்பெனிகள் கொடுக்க இழுப்பார்கள், ரசீது எண்ணாவது கையில் இருக்கட்டும். 60 நாள் என்ற கத்தி விழுந்தால் எங்கே போவது என்பதற்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். 38 வயதில் கனடாவின் 425ஐ நம்ப முடியாது, ஜெர்மனிக்கு வயது தடையில்லை. சென்னையிலேயே பெரிய கம்பெனிகளின் மையங்கள் பெருகிவிட்டன, அவன் அனுபவத்துக்கு அங்கே நல்ல இடம் கிடைக்கும். அவன் பெண்ணுக்கு 11 வயது. பள்ளி மாற்றுவதென்றால் இப்போது முடியும், பதினைந்தில் முடியாது. ஆகையால் ‘இன்னும் எத்தனை வருடம் பார்ப்பது’ என்பதற்குக் கெடு புல்லட்டின் தேதி இல்லை, அவள் எட்டாம் வகுப்பு முடிக்கும் தேதி.

அவன் அதை மனைவியிடம் சொன்னானாம். ‘இதை நான் ரெண்டு வருஷமா சொல்றேன்’ என்றாளாம்.

சோழிங்கநல்லூர்ப் பெண்ணுக்கு நாடு முக்கியமில்லை, மொழிதான் முக்கியம். பிரெஞ்சு என்றால் அலியான்ஸ், ஜெர்மன் என்றால் மாக்ஸ்முல்லர் பவன், இரண்டும் நுங்கம்பாக்கத்தில்தான். பிரெஞ்சு படித்து, கனடா மறுபடி விதியை மாற்றினால் ஒன்றரை வருடம் வீண். பி1 ஜெர்மன் படித்தால் விதி மாறினாலும் வேலை தேட உதவும். அவள் வேலை கார் கம்பெனிகளுக்கான எம்பெடட் மென்பொருள் என்பதால் எனக்குச் சந்தேகமே இல்லை. சனி, ஞாயிறு காலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஓஎம்ஆரிலிருந்து நுங்கம்பாக்கம் போய்ச்சேருவதுதான் இப்போதைக்குப் பெரிய தாமதம் என்கிறாள்.